தேவநாதன் ஊற்றாத பெட்ரோல்

எழிலரசியின் மேல் பெட்ரோல் ஊற்றப்பட்டது 2005ஆம் ஆண்டில், குறிஞ்சிப்பாடியில், அவளுடைய வீட்டு அடுப்படியிலேயே. ஊற்றியவன் கணவன் தேவநாதன். பைக்கிலிருந்து பாட்டிலில் பிடித்து வந்து தலையில் கவிழ்த்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினான். மேடைமேல் இருந்த தீப்பெட்டியை அவள் மார்போடு பொத்திக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டாள். அதைப் பிடுங்க அவன் அவளுடைய விலாவில் மிதித்துக்கொண்டே இருந்தான். அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு மங்கலம் உலக்கையால் அவன் முதுகில் போட்ட போட்டில்தான் எழிலரசி பிழைத்தாள். விலா எலும்பு முறிந்திருந்தது.

மகள் இலக்கியாவைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் வந்துவிட்டாள். கடலூர் துறைமுகத்தில் மீன் லோடு ஏற்றும் தம்பி ராஜவேல்தான் வீடு பிடித்துக் கொடுத்தான். கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பழைய மாருதி ஆம்னி ஒன்றை வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். பெட்ரோல் பங்குக்குப் போனால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய் நிற்பாள்.

2008 மார்கழியில் பனி கொட்டியது. ஒருநாள் காலையில் வண்டியைக் கிளப்பியதும் உள்ளே பெட்ரோல் வாடை. மறுநாளும் அப்படியே. கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் வாடை போய்விடும். பிள்ளைகளை இறக்கிவிட்டு மெக்கானிக் ராஜாமணியிடம் கொண்டுபோனாள். ஆம்னிக்கு எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். அவர் சீட்டைத் தூக்கித் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரமே இல்லை.

"லீக்கு ஒண்ணியும் இல்லியேம்மா. யாராச்சும் வெளிய ஊத்தறாங்களா பாரு" என்று சிரித்தார்.

முந்தின நாள்தான் தெருமுனையில் தேவநாதன் நிற்பதைப் பார்த்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் பார்சல் மூட்டை தூக்குகிறான் என்று கேள்வி. வண்டியோ ராத்திரி முழுக்கத் தெருவில் கிடக்கிறது. உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"அவன்தான்டா. வண்டியில ஊத்தறான். புள்ளைங்களோட கொளுத்தப் போறான்."

"ஆள மட்டும் காட்டுக்கா. நான் பாத்துக்கறேன்."

மத்தியானமே ராஜவேல் வந்தான். கையில் ஐஸ் கட்டி உடைக்கிற இரும்புக் கம்பி. எழிலரசிதான் அவனை பஸ் ஸ்டாண்டின் பின்பக்கம் கூட்டிப்போய்க் கை நீட்டிக் காட்டினாள். முன்பெல்லாம் தான் 'மாமா' என்று கூப்பிட்டவனை ராஜவேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வண்டியிலயும் ஊத்திட்டல்ல!" என்று கத்தியபடி போட்ட முதல் அடி முட்டியில் விழுந்தது. மூட்டையோடு சரிந்தவனின் வாயில் அடுத்தது. பல் தெறித்தது.

"மச்சான், நான் இல்லடா! எம்புள்ளயப் பாக்கத்தான்டா நின்னேன்!"

தலையை மறைக்கத் தூக்கிய கையில் கம்பி இறங்கியது. எலும்பு ஒடிந்த சத்தம் எழிலரசிக்குக் கேட்டது. நிறுத்தச் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. இன்னும் போடு, இன்னும் போடு என்றுதான் உள்ளே ஏதோ கத்திக்கொண்டிருந்தது. கூட்டம் கூடிப் பிடித்து இழுத்த பிறகுதான் ராஜவேலின் கை ஓய்ந்தது. அவனைப் போலீஸ் கொண்டுபோனது. தேவநாதனைக் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை வண்டியைக் கிளப்பினாள். அதே வாடை. முன்னைவிட ஜாஸ்தி.

அப்படியே அணைத்துவிட்டாள். பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் அன்று வண்டி வராது என்று சொல்லிவிட்டு, ராஜாமணியை வீட்டிலிருந்தே அழைத்துவந்தாள். எஞ்சின் மறுபடி நன்றாக ஆறும்வரை அவர் வண்டியைத் தொடவில்லை. பிறகு எல்லாவற்றையும் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பிடித்தபடி, "சோக்க இழுத்து இப்ப ஸ்டார்ட் பண்ணு" என்றார். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் ஓஸின் முனையில் பெட்ரோல் முத்து முத்தாகத் துளிர்த்தது.

"ஓஸு காஞ்சி கட்டை மாதிரி ஆயிடுச்சும்மா. குளுருல சுருங்குது, கிளிப்பு புடிக்க மாட்டேங்குது. சூடு ஏறுனா எளகி அடச்சிக்கும், கசிஞ்சதும் காஞ்சிடும். அன்னிக்கு சூட்டோட பாத்ததால எனக்குத் தெரியல."

எழிலரசி உடனே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.

ஸ்டேஷனில் அவள் ஓஸ் விஷயத்தைச் சொன்னதும், ராஜவேல் லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் குனிந்து கெஞ்சினான். "அவன்தான் ஊத்துனான்னே சொல்லிடுக்கா. ஆத்திரத்துல அடிச்சான்னு வக்கீல் பேசிக்குவாரு."

"இல்லாத ஒண்ணச் சொன்னா, அன்னிக்கு அடுப்படியில நடந்ததும் பொய்யின்னு ஆயிடும்டா" என்றாள். ஓஸ் பழுதானதையும், ஆளைக் காட்டியது தான்தான் என்பதையும் அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

அங்கிருந்து நேரே கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தேவநாதன் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தான்.

"வண்டியில ஓஸு போயிடுச்சு. நீ ஊத்தல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவன் நல்ல கையால் அவள் சடையைப் பற்றி இழுத்து, கட்டில் கம்பியில் தலையை மோதினான். நெற்றி பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. அவள் அவனுடைய உடைந்த கையைத் தேடிப் பிடித்து, கட்டோடு சேர்த்து அழுத்தினாள். அவன் ஊளையிட்டுச் சடையை விடும்வரை அழுத்தினாள். நர்ஸ் ஓடிவந்து விலக்கினார்.

"இது நீ பண்ணல" என்றாள் மூச்சிரைக்க. "அன்னிக்கு அடுப்படியில பண்ணது நீதான். ரெண்டையும் நான் மறக்க மாட்டேன்."

அந்தக் கை அவனுக்கு நேராகவே இல்லை. மூட்டை தூக்க முடியாமல் பெண்ணாடம் பக்கம் போய்விட்டான். மகளைப் பார்க்க வந்ததாக அவன் கத்தியதை எழிலரசி இலக்கியாவிடம் மறைக்கவில்லை. வழக்கில் எழிலரசியும் சேர்க்கப்பட்டு, அபராதத்தோடு வெளியே வந்தாள். ராஜவேலுக்குத் தண்டனை கிடைத்தது.

2011இல் அவன் கடலூர் கேப்பர் மலை ஜெயிலிலிருந்து வெளியே வந்தபோது, எழிலரசி வாசலில் காத்திருந்தாள். அவன் விறுவிறுவென்று வந்து, "எனக்காக ஒரு பொய் சொன்னா என்னாக்கா?" என்று அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அவளும் அதே வேகத்தில் திருப்பி அறைந்தாள். வாசல் காவலர் அதட்டினார். இருவரும் சாலையைக் கடந்து போய், கன்னம் எரிய எரிய, டீ குடித்தார்கள்.