முதற்பிரதிக்குப் பதிவுத் தபால்

எங்கள் ஊரில் ஒரு புத்தகத்தை வெளியிடுவதற்கு அதை யாராவது வாசித்திருக்க வேண்டும் என்பது கட்டாயமல்ல. மண்டபம் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் கட்டாயம். மற்றவை தாமாக நடக்கும். மங்கள விளக்கேற்றல், தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், ஆய்வுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதிகள் வழங்கல், நூலாசிரியரின் ஏற்புரை, நன்றியுரை. இந்த ஒழுங்கை யார் வகுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை மீறிய எவரையும் நான் கண்டதில்லை.

கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு குடும்பம் நடத்தி, பிரதம லிகிதராக ஓய்வுபெற்றவன் நான். அதனால் ஊரில் எந்த விழா நடந்தாலும் என்னைச் செயலாளராகப் போட்டுவிடுவார்கள். இலக்கியம் தெரியும் என்பதற்காக அல்ல. மண்டபம் கேட்டு எழுதும் கடிதத்தை யாருடைய பதவிப்பெயருக்கு எழுதவேண்டும், ஒலிபெருக்கிக்கு எங்கே அனுமதி எடுக்கவேண்டும், அந்த அனுமதியின் பிரதியை எந்தப் பொலிஸ்காரரின் மேசையில் வைக்கவேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதற்காக.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் லண்டனிலிருந்து வந்து இறங்கினான். வெள்ளைக்காரர் இங்கிருந்த கடற்படைத்தளத்தைக் கையளித்துவிட்டுப் போன கையோடு தானும் கப்பலேறிப் போனவன். போய் இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. வரும்போது இரண்டு பெட்டி நிறையத் தன்னுடைய முதல் நாவலைக் கொண்டுவந்திருந்தான்.

நாவல் எங்கள் துறைமுகத்தைப் பற்றியது. அறையைச் சூடாக்கும் குழாய்க்குப் பக்கத்தில் இருந்து எழுதியபடியால், எங்கள் வெயில் அதில் மிகவும் இதமாக இருந்தது. முதற்பக்கத்திலேயே கோணேசர் மலைக்கு அப்பால் நடுக்கடலில் சூரியன் மறைகிறது.

"மச்சான், அந்தப் பக்கம் கிழக்கு" என்றேன்.

"அது இலக்கியம்" என்றான்.

இலக்கியத்துக்குள் திசைகாட்டி வேலை செய்யாது என்பதைக் குறித்துக்கொண்டேன். நாற்பத்தோராம் பக்கத்தில் நானும் வருகிறேன். செத்தவீட்டுக்கு வந்து, பிணம் எடுக்குமுன் மரணச் சான்றிதழில் மூன்று பிரதி எடுத்தாயிற்றா என்று விசாரிக்கிற லிகிதர். பெயரை மாற்றியிருந்தான், மூக்கை மாற்றவில்லை. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மூன்று பிரதி தேவை என்பது உண்மைதானே.

அந்தச் செத்தவீடு யாருடையது என்பதில்தான் சிக்கல். நாவலின் இரண்டாம் அதிகாரத்தில், கதை சொல்பவனின் அண்ணன், துறைமுகத்தில் பாரம் தூக்கும் கிறேன் ஓட்டுபவர், சங்கிலி அறுந்து விழுந்து இறந்துபோகிறார். என் நண்பனுக்கும் ஓர் அண்ணன். அவரும் துறைமுகத்தில் கிறேன் ஓட்டியவர். ஒரு சங்கிலியும் அறுந்து விழாமல் ஓய்வுபெற்று, நல்ல சுகத்தோடு அன்புவழிபுரத்தில் இருந்தார். தகப்பன் நேரத்தோடு போய்விட, தம்பியைத் தோளில் போட்டு வளர்த்துப் படிப்பித்துக் கப்பலேற்றிவிட்டவர் அவர்தான்.

"முதற்பிரதியை அண்ணைதான் வாங்கவேணும்" என்றான் நண்பன். "அவர் வாங்காட்டி எனக்கு இந்தப் புத்தகமே வேண்டாம்."

"பிறகேன்டா மனுஷனை ரெண்டாம் அதிகாரத்திலயே சாக்காட்டினாய்?"

"அங்க இருக்கேக்க ஒவ்வொரு நாளும் பயந்தது அதுக்குத்தான், மச்சான். தந்தி வந்திடுமோ எண்டு. எழுதினால் பயம் போயிடும் எண்டு நினைச்சன்."

"போச்சோ?"

"இல்லை. இப்ப அண்ணை வாசிச்சிடுவாரோ எண்டு பயம்."

வந்த அன்றே அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறான். சாப்பிட்டிருக்கிறான். கிணற்றைப் பற்றியும் கூரையைப் பற்றியும் கதைத்திருக்கிறார்கள். புத்தகத்தைக் காட்ட அவனுக்குத் தைரியம் வரவில்லை. கிணற்றுத்தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டு வாடிவீட்டில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டான். விழாவைப் பற்றியும் அவன் வாய் திறக்கவில்லை. அழைப்பு செயலாளரின் வேலை என்று என்னிடம் விட்டுவிட்டான்.

செயலாளர் தன் வேலையைச் செய்தார். பொதுமக்களுக்குச் சாதாரண தபால். பிரமுகர்களுக்குப் பதிவுத் தபால். முதற்பிரதி பெறுபவருக்கோ பதிவுத் தபாலோடு, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும் அட்டையும். ஒரு குடிமகனுக்குத் தபால் கந்தோர் வழியாகக் காட்டக்கூடிய உச்ச மரியாதை அதுதான். அதற்கு மேலே ஒன்று இருந்திருந்தால் அதையும் செய்திருப்பேன். மூன்றாம் நாள் அட்டை திரும்பி வந்தது. கையெழுத்து அழுத்தி இழுக்கப்பட்டு மட்டை ஓரிடத்தில் கிழிந்திருந்தது. முதியவரின் கைப்பலத்தை வியந்து, அதைக் கோப்பில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, அண்ணன் விழாவுக்கு வரமாட்டாராம் என்ற செய்தி சந்தையடித் தேத்தண்ணிக் கடைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் விழாக்குழுவுக்கு வந்து சேர்ந்தது. நண்பனின் முகம் வெளுத்துப்போயிற்று.

"வாசிச்சிட்டார். ஆரோ குடுத்திட்டாங்கள். ரெண்டாம் அதிகாரம்தான்."

"ஒருக்காப் போய்க் கதையன்."

"என்ன முகத்தோட போறது? நான் உங்களைச் சாக்காட்டிப்போட்டன், ஒருக்கா மேடைக்கு வாங்கோ எண்டு சொல்லுறதோ?"

விழாக்குழு இரண்டு தரம் கூடியது. கூடினால் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்பதால், முதற்பிரதியை அரிசி ஆலை உரிமையாளர் ஒருவருக்கு வழங்கலாம் என்று தீர்மானித்தார்கள். அவர் அன்று பின்னேரமே சால்வை வாங்கிவிட்டார் என்று கேள்வி. அப்படியானால் இரண்டு பெட்டியையும் உட்துறைமுகத் தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பிப் போவேன் என்றான் நண்பன். அதற்குத் துறைமுக அனுமதி எடுக்கவேண்டும் என்று நான் ஞாபகப்படுத்தினேன். அவன் சிரிக்கவில்லை.

விழா நாள் வந்தது. அழைப்பிதழில் நாலு மணி. ஆகவே நாலேமுக்காலுக்குத் தொடங்கினோம். முன்வரிசையில் நடுக்கதிரையை அண்ணனுக்கென்று ஒதுக்கி, அதில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தேன். பக்கத்துக் கதிரையில் அரிசி ஆலை உரிமையாளர், சால்வையோடு, அந்தக் காகிதத்தைக் கடைக்கண்ணால் பார்த்தபடி இருந்தார். மேடையில் நண்பன் வாசலைப் பார்த்தபடி இருந்தான். வரவேற்புரையில் அவனை வரவேற்றார்கள், தலைமையுரையில் மறுபடியும் வரவேற்றார்கள், வாழ்த்துரைகளில் தங்களைத் தாங்களே வாழ்த்திக்கொண்டார்கள். ஐந்தரைக்கு ஆய்வுரையாளர் எழும்பினார். கையில் நாற்பது தாளுக்குக் குறையாது. கல்தோன்றிய காலத்திலிருந்து தொடங்கினார்.

நான் மண்டப வாசலில் நின்றேன். அப்போது எங்கள் பகுதித் தபால்காரர், கிண்ணியாக்காரர், அருகில் வந்து காதோடு கேட்டார்.

"சேர், அந்தக் கதிரை அன்புவழிபுரத்து அண்ணனுக்கோ?"

"ஓம். அவர் வரமாட்டார். புத்தகத்தில கோவம்."

"புத்தகமோ? அவருக்குப் புத்தகம் ஒண்டும் கிடைக்கேல்லையே. உங்கட பதிவுத் தபாலிலதான் கோவம். நான்தானே குடுத்தனான். கோட்டிலயிருந்து வழக்குக் கட்டளை வந்திட்டுது எண்டு மனுசி அழுதுட்டா. உடைச்சுப் பாத்துப்போட்டு அவர் சொன்னார், 'சொந்தத் தம்பி, ரெண்டு மைல் தூரத்தில இருந்துகொண்டு எனக்கு முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறான். கையெழுத்தும் வேணுமாம், நான் வாங்கினதுக்குச் சாட்சிக்கு' எண்டு."

"இதை ஏன் எனக்கு முந்தியே சொல்லேல்லை?"

"நீங்க கேக்கேல்லையே, சேர். அதோட, தபால்காரன் வந்து பதிவுத் தபாலைக் குறை சொல்ல ஏலுமோ?"

எங்கள் ஊரில் கலியாணமோ காதுகுத்தோ, நல்ல காரியத்துக்கு வீட்டுக்குப் போய்க் கையில் அழைப்பிதழ் கொடுத்து வாயால் சொல்லவேண்டும். உள்ளூர்க்காரனுக்குத் தபாலில் அனுப்பினால் வராதே என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததல்ல. என் மகளின் கலியாணத்துக்கு நானே முந்நூறு வீட்டுப் படலை திறந்தவன். ஆனால் விழா என்றதும் அது எனக்குக் கந்தோர் விசயமாகிவிட்டது. எல்லா நடைமுறையும் தெரிந்தவன் ஒரேயொரு நடைமுறையைக் கோட்டை விட்டிருந்தேன்.

ஆய்வுரையாளரைப் பார்த்தேன். ஆறாம் தாளில் நின்றார். இன்னும் சோழர் காலத்துக்கு வரவில்லை. ஒரு புது அழைப்பிதழை எடுத்து, உறையில் பெயர் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிச் சைக்கிளில் ஏறினேன்.

அண்ணன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மடிப்புக் கலையாத வேட்டி, கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை, கைமணிக்கூடு. செருப்பு இரண்டும் படியில் வெளிப்பக்கம் பார்த்தபடி கிடந்தன.

அவருடைய மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "மூண்டு மணிக்கே உடுத்திட்டு இருக்கிறார். ஆரும் கேட்டால் கோயிலுக்குப் போறன் எண்டு சொல்லச் சொன்னவர்."

"நீ உள்ள போ" என்றார் அண்ணன்.

நான் அழைப்பிதழை இரண்டு கையாலும் நீட்டினேன். "அண்ணை, தம்பியின்ர புத்தக வெளியீடு. நீங்கள் கட்டாயம் வரவேணும்."

கண்ணாடியைப் போட்டு, மேலே இருந்த பிள்ளையார் சுழியிலிருந்து கீழே இருந்த அச்சகத்தின் பெயர்வரை ஒரு சொல் விடாமல் வாசித்தார்.

"நாலு மணி எண்டு போட்டிருக்கு. இப்ப ஆறாகுது."

"ஓம் அண்ணை."

"இப்பிடி உடன வந்து சொன்னால் எப்பிடி வாறது? மனுஷருக்கு வேலைவெட்டி இருக்காதே?"

உள்ளேயிருந்து மனைவி, "தொடங்கியிட்டார்" என்றார்.

"அது தம்பியின்ர வேலையில்லை, அண்ணை" என்றேன். "தபாலில போட்டது நான். அவனுக்குத் தெரியாது. பிழை என்ரது."

உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் நான் சொல்லாத வசனம் அது. அதுவும் எழுத்தில் விளக்கம் கேட்கப்படாமலே சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு எழும்பிச் செருப்பைப் போட்டு, தன் சைக்கிளை எடுத்தார்.

"உம்மட சைக்கிளில பெல் அடிக்காது. நான் முன்னுக்குப் போறன்" என்றார்.

மண்டபத்துக்கு வந்தபோது ஆய்வுரையாளர் இருபத்தாறாம் தாளில் நின்றார். நீண்ட உரைகளுக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் நான் பேசியவற்றை அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன். அண்ணன் நடுவழியால் நடந்து வந்தார். கதிரையிலிருந்த காகிதத்தைக் கழற்றி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். மேடையில் இருந்த நண்பன் ஆய்வுரை நடக்க நடக்கவே இறங்கி வந்து, அண்ணனின் காலடியில் குந்தி அவருடைய கையைப் பிடித்தான். இது நிகழ்ச்சி நிரலில் இல்லாதபடியால் விழா அறிக்கையில் நான் சேர்க்கவில்லை.

முதற்பிரதி வழங்கும்போது நான் அருகில் நின்றேன். நண்பன் மெல்ல, "அண்ணை, ரெண்டாம் அதிகாரத்தில..." என்று தொடங்கினான்.

"போட்டோ எடுக்கிறான். நேர பார்" என்றார் அண்ணன்.

அரிசி ஆலை உரிமையாளருக்கு முதலாவது சிறப்புப் பிரதி கிடைத்தது. சால்வை வீணாகவில்லை.

நண்பன் திரும்பிப் போவதற்கு இரண்டு நாள் இருந்தது. விழாவிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. புத்தகம் இப்போது அண்ணன் கையில் இருக்கிறது. அவரோ மூக்குக்கண்ணாடி போட்டு அச்சகத்தின் பெயர்வரை வாசிக்கிற மனுஷன். அந்த ஞாயிறு காலை அண்ணன் சைக்கிளில் வாடிவீட்டுக்குப் போய், பிறகு என் வீட்டுக்கும் வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்படி நேரில் சொல்லிவிட்டுப் போனார். வெறும் சாப்பாட்டுக்குத்தான். ஆனாலும் நேரில்.

நண்டுக்கறி. மூன்று பேரும் இருந்தோம். பாதிச் சாப்பாட்டில் அண்ணன் சொன்னார்:

"ரெண்டாம் அதிகாரத்தில என்னைச் சாக்காட்டியிருக்கிறாய்."

நண்பனின் கை சோற்றுக் கோப்பையில் நின்றது. "அண்ணை, அது கதைக்காக..."

"கதைக்காகத்தான். எனக்கு விளங்காதே? ஆனா அந்தச் சங்கிலி அப்பிடி அறாது. அதை நான் கிழமைக்கு ஒருக்காச் சோதிச்சுப் பாக்கிறனான். வேற ஏதாலயும் சாக்காட்டியிருக்கலாம்."

"திருத்திறன், அண்ணை."

"செத்தவீடு நல்லா நடந்திருக்கு. அந்த மழைக்குள்ள தோப்பூரில இருந்தெல்லாம் சனம் வந்திருக்கு." சோற்றைப் பிசைந்தபடி, "தம்பிக்காரன் குடையுமில்லாமல் வீடு வீடாப் போய்ச் சொல்லுறான்" என்றார்.

"ஓம், அண்ணை."

"அந்த இடத்தை ரெண்டு தரம் வாசிச்சனான்."

பெரிய நண்டாகப் பார்த்து எடுத்துத் தம்பியின் கோப்பையில் வைத்தார். நண்பன் குனிந்து அதை உடைக்கத் தொடங்கினான், நிமிரவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நீரும் என்ர செத்தவீட்டுக்கு வந்திருக்கிறீர். நாப்பத்தோராம் பக்கம்."

"ஓம் அண்ணை" என்றேன்.

"பதிவுத் தபால் கிடைச்சுதோ?"