இந்தி வகுப்புக்குப் போன யாழ்ப்பாணத்தார்

ரூ பிலிப்-து-ஜிரார் தெருத் தேநீர்க்கடையில் அவர் எப்போதும் கதவோரமாக, தெருவைப் பார்த்தே உட்காருவார். ஒட்ட வெட்டிய தலை. வெயிலிலும் கழற்றாத தடித்த ஜாக்கெட். அவருடைய கைபேசியில் ஆங்கில வகுப்பின் ஒலிப்பதிவு ஓடும். “ஒன்ஸ் இன் எ புளூ மூன்” என்பாள் ஆசிரியை. பிறகு அதற்கு இந்தியில் பொருள் சொல்வாள். இவர் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். தேநீர் கேட்பது மட்டும் சுத்த யாழ்ப்பாணத் தமிழில்.

ஊரில் சண்டை முடிந்த அடுத்த வருடம் அது. பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைவீதியான லா ஷப்பலில் புதுமுகம் என்றாலே எங்களுக்குச் சந்தேகம். இந்தி தெரிந்த யாழ்ப்பாணத்தான் யாருடைய ஆள்? அறிந்துவரக் கடைக்காரர் என்னை அனுப்பினார்.

“அண்ணை, இஞ்சை தமிழ் ஆக்களே இங்கிலீஷ் படிப்பிக்கினம். ஏன் இந்திக்காரரிட்டைப் போறியள்?”

“அங்கையும் போனனான் தம்பி. பாடம் தொடங்க முன்னமே எந்த ஊர், ஆற்றை மகன் எண்டு கேட்டினம். இந்திக்காரர் பாடத்தை மட்டும்தான் கேக்கினம்.”

நாக்கு நுனியில் நின்ற கேள்வியைத் தேநீரோடு விழுங்கினேன்.

அவர் போனதும் கடைக்காரர் குனிந்து கேட்டார்: “எந்த ஊராம்?”

“கேக்கேல்லை.”

அன்றிலிருந்து கடைக்காரர் என்னையும் ஒருமாதிரித்தான் பார்க்கிறார்.