யாரும் சாகவில்லை, இது ஒத்திகை

என் வீட்டுக்காரர் கஸ்பார் இருபத்தாறு வருஷமாக ராயபுரத்தில் எங்கள் மாதா கோவில் பேண்டில் மூன்றாவது ட்ரம்பெட். அப்படியென்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலாமவர் பாட்டை வாசிப்பார். இரண்டாமவர் கூடவே போவார். மூன்றாமவர் நடுநடுவே 'பாம்' என்பார். பகலெல்லாம் துறைமுகத்தில் கிரேன் ரிப்பேர், சாயங்காலம் 'பாம்'. இப்படியே மனுஷன் ரிட்டயர் ஆகிவிடுவார் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

போன வருஷம் அவருக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. நற்கருணை ஆசீர் வழிபாட்டில் பாடும் ஒரு பழைய பாட்டை வைத்துக்கொண்டு, அதிலிருந்து சொந்தமாக ஒன்பது நிமிஷத்துக்கு ஓர் இசை எழுதினார். ஒரே ஒரு ட்ரம்பெட். சுற்றிலும் ஆறு பேர், பறை, சட்டி, டோலக், பெரிய டிரம் என்று. பாட ஆள் கிடையாது, கீபோர்டு கிடையாது. மெதுவாக ஆரம்பித்து மெதுவாகவே முடியும்.

"எல்சி, ஒரே ஒரு வாட்டி போதும். ஜனங்க குந்திக்கினு கேக்கணும். இருவத்தாறு வருஷமா நடந்துகினே வாசிச்சிட்டேன்," என்றார். இந்த மனிதர் என்னிடம் புடவை நிறத்தைப் பற்றிக்கூட இத்தனை வார்த்தை பேசியதில்லை.

மேளம் அடிக்க வந்தது புளியந்தோப்பு அசோகனின் குழு. அசோகன் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டான்: "அண்ணாத்தே, எங்க தாத்தா பொணத்துக்கு முன்னாடி அடிச்சாரு, எங்கப்பா அடிச்சாரு. நாங்க அத்த வுட்டு பன்னெண்டு வருஷம் ஆவுது. மேடைன்னா வரேன்."

மேடைதான் என்றார் இவர். திருவிழாவுக்கு முந்தைய நாள், தேர் பவனி முடிந்ததும் பத்து நிமிஷம் தருவதாகப் பங்குச் சாமியார் ஒத்துக்கொண்டிருந்தார். விழாக் குழுச் செயலாளர் அலெக்ஸாண்டர் மட்டும் மூக்கை நுழைத்தார். "சாவு மேளம்னு ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தாலும் கேன்சல், கஸ்பாரு," என்றார்.

முதல் ஒத்திகை எங்கள் சந்தில். நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அடுத்த தெரு ஞானபாக்கியம் ரோஜா மாலையோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். "எப்டிடீ போனாரு? நேத்துகூட வஞ்சிரம் வாங்கினு போனாரே!"

"அதோ, ட்ரம்பெட்டோட நிக்கிறாரு பாரு," என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். ஏமாற்றிவிட்டோம் என்பதுபோல அவரை முறைத்தாள். மாலையைத் திருப்பி எடுத்துப்போக அவளுக்கு மனம் வரவில்லை. மாதா படத்துக்குப் போட்டோம். அன்றைக்கே ஐஸ் பெட்டிக்காரன் ஃபோன் செய்து எந்த வாசல் வழியாக இறக்க வேண்டும் என்று கேட்டான். அடுத்த வாரம் ஓர் அட்டையில் 'யாரும் சாகவில்லை, இது ஒத்திகை' என்று எழுதி வாசலில் தொங்கவிட்டேன். வந்தவர்கள் நின்று நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "பாவம், செத்தது யாருக்கா?" என்று என்னிடமே கேட்டார்கள். இந்த ஊரில் எதை எழுதி வைத்து என்ன பிரயோஜனம்?

சரி, வீடு வேண்டாம் என்று காசிமேட்டுக்குப் போனோம், துறைமுகத்துக்குப் பின்னால் கல் கொட்டியிருக்கும் இடத்துக்கு. அங்கே யார் வரப்போகிறார்கள் என்று எண்ணம். ட்ரம்பெட் இழுத்து ஒரு சுற்று முடிவதற்குள் மீன் விற்கும் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். "எந்த போட்டு? எந்த போட்டு?" என்று ஒரே கூச்சல். ரூத் என்ற பெண்ணின் புருஷன் கடலுக்குப் போய் நாலு நாளாகியிருந்ததாம். அவள் கல்லில் விழுந்து முழங்கால் கிழிந்துவிட்டது. இவர் ட்ரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் படகுக்கும் ஒன்றும் இல்லை என்று, தனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லார் மேலும் சத்தியம் செய்தார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் சேதி அலெக்ஸாண்டருக்குப் போய்விட்டது. திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரத்து செய்துவிட்டார். அந்தப் பத்து நிமிஷத்தை ஒரு மெல்லிசைக் குழுவுக்குக் கொடுத்தாகிவிட்டதாம்.

அசோகன் அமைதியாகத்தான் சொன்னான். "பாட்டு மேல தப்பு இல்ல அண்ணி. எங்க கையப் பாத்தாலே அவுங்களுக்கு பொணம் ஞாபகம் வருது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அலெக்ஸாண்டர் வீட்டுக்கே போய்க் கத்தியிருப்பேன். இவர் விடவில்லை. தேர் பவனியில் வழக்கம்போல மூன்றாவது ஆளாக நடந்துகொண்டே 'பாம்' என்றார். நான் ஓரமாக நின்று பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

திருவிழா முடிந்து பத்தொன்பதாவது நாள் அலெக்ஸாண்டரின் அம்மா இறந்துபோனார். சாயங்காலம் அவரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கஸ்பாரு, அந்தப் பாட்டு... நாளைக்கு அம்மாவ எடுக்கும்போது வாசிக்க முடியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் அசோகனுக்கு ஃபோன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"பொணத்துக்கு முன்னாடியா? அவரு அம்மா மேல எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாத்தே. ஆனா வரமாட்டேன்."

"அசோகன் வரலேன்னா நானும் இல்ல சார்," என்றார் இவர்.

துக்க வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்கிறார், இப்படியா முகத்தில் அடித்தாற்போல் சொல்வது? எனக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது. அலெக்ஸாண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். அப்போது ஃபோனிலிருந்து அசோகன் குரல் வந்தது.

"சார், இருங்க. முப்பதாம் நாளு பூசை வெப்பீங்க இல்ல? கோயிலுக்கு உள்ள. அங்க வரோம். துட்டு வேணாம். எல்லாரும் குந்திக்கினு கேக்கணும், அவ்ளோதான்."

"கோயிலுக்கு உள்ள பறையா?" என்றார் அலெக்ஸாண்டர். பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டே, "சாமியாரைக் கேக்கறேன்," என்றார்.

கேட்டிருக்கிறார். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பீடத்தின் முன்னால் ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தது. இவர் அதில் உட்காரவில்லை. "இன்னும் ஆறு வேணும் சார்," என்றார். அலெக்ஸாண்டர் கறுப்புப் பட்டை குத்திய வெள்ளைச் சட்டையோடு, பக்கத்துக் கூடத்திலிருந்து மடக்கு நாற்காலிகளைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மூன்று நடை நடந்தார். அசோகனின் ஆட்கள் உட்கார்ந்த பிறகுதான் இவர் உட்கார்ந்தார்.

ஒன்பது நிமிஷம். கோவில் நிறைய ஜனம் இருந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் கஸ்பார் 'பாம்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பாட்டையே வாசித்தார். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் எரிச்சலும் தீரவில்லை. சாவுப் பாட்டு இல்லை என்று ஊரோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் ஒருவர் செத்த பிறகுதானே இதை வாசிக்க முடிந்தது?

எல்லாம் முடிந்ததும் அலெக்ஸாண்டர் வந்து அசோகன் கையைப் பிடித்துக்கொண்டார். "இத அம்மா கேட்டிருக்கணும்," என்றார்.

அசோகன் குத்திக்காட்டிப் பேசுகிற ஆள் இல்லை. நினைத்ததைச் சொன்னான். "திருவிழா அப்போ உசிரோடதான சார் இருந்தாங்க? வெச்சிருந்தீங்கன்னா மொதோ வரிசைல குந்தி கேட்டிருப்பாங்க."

அலெக்ஸாண்டர் அவன் கையை விட்டார். பிறகு நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தார்.