லேகியத்தில் நான் கலந்தது

என் எழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதை முன்னே சொல்வது, எதைப் பின்னே சொல்வது என்று தெரியவில்லை. ஆட்டங்களின் வரிசையும் பாதி மறந்துவிட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் தங்கை மகன் வீரபாண்டியின் கால்பந்தாட்டத்தைக் கெடுத்தவள் நான். அவன் தின்ற லேகியத்தில் அவனுக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன்.

இவ்வளவுதான். இந்த மூன்று வரியைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது...

உங்களுக்கு அவனைத் தெரிந்திருக்காது. தாயில்பட்டிப் பக்கத்துப் பையன். அவன் அம்மா பேச்சியம்மாள் அங்கே பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிறாள். எனக்குப் பிள்ளை கிடையாது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு நாரணாபுரத்தில் என்னோடு இருந்துதான் அவன் படித்தான், பந்தும் உதைத்தான். சின்ன அணிகளில் ஒன்பது வருஷம் ஓடினான். இருபத்தெட்டு வயதில்தான் நாட்டின் பெரிய லீக்கில் ஓர் அணி அவனை எடுத்துக்கொண்டது. இடது பக்கம் காக்கிற ஆட்டக்காரன் அவன்.

அந்தச் சீசன் தீபாவளிக்கு முன்பே தொடங்கிவிட்டது. முதல் ஐந்தாறு ஆட்டங்களில் அவனை வெளியேதான் உட்கார வைத்தார்கள். ஆட்டம் உள்ள நாளில் பேச்சி என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நானும் அவளும் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து, அந்த உட்காரும் வரிசையைக் கேமரா காட்டுமா என்று பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு நாள் அவன் தண்ணீர் குடிப்பதைக் காட்டினார்கள். பேச்சி அதற்கே அழுதுவிட்டாள்.

பிறகு அந்த இடத்தில் ஆடுகிறவனுக்குக் கால் முறிந்தது. ஒருவன் கால் முறிந்ததற்கு நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். அதையும் எழுதிவிடுகிறேன், பாவத்தில் பாதியை மறைப்பானேன்.

வீரபாண்டி உள்ளே இறங்கினான். மூன்று ஆட்டம் நன்றாகப் போயிற்று. நான்காவதற்கு முந்தின நாள் எனக்குத் தனியாகப் போன் செய்தான்.

“பெரியம்மா, சாப்டீகளா?”

“நான் சாப்ட்டது இருக்கட்டும்லே. குரல் ஏன் இப்படி இருக்கு?”

“முட்டி வலிக்கி பெரியம்மா. குதிச்சு இறங்குனா கண்ணுல பூச்சி பறக்கு. அம்மாட்ட சொல்லிப்புடாதீக. இங்கனயும் சொல்லல. சொன்னா மறுபடி உக்கார வச்சிருவாக.”

“மாத்திரை ஏதும் போடேன்லே.”

“ஐயையோ. டாக்டரம்மாவக் கேக்காம ஒரு மாத்திரை தொடக் கூடாது. ஆட்டம் முடிஞ்சா மூத்திரத்தப் பிடிச்சு சோதிப்பாக. நீங்க அந்தச் சுக்கு லேகியம் கிண்டி அனுப்புங்க. முந்தி தின்னா நல்லா இருக்கும்ல.”

கவனித்தீர்களா? அவன் தெளிவாகச் சொல்லிவிட்டான். மாத்திரை கூடாது என்று என் காதில் போட்டுவிட்டான். தெரியாமல் செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்லிக்கொள்ள முடியாது.

சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி, நல்லெண்ணெய். கிண்டினேன். கிண்டும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. சுக்கால் தீருகிற வலியா அது?

முட்டி வலியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முப்பத்தெட்டு வருஷம் சரம் பின்னியிருக்கிறேன். காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தால், ஒவ்வொரு வெடியாக நூலில் கோத்துக்கொண்டே போக வேண்டியதுதான், சாயங்காலம் வேன் வரும்வரை. எழுந்திருக்கும்போது முட்டி நம்முடையதாக இருக்காது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழி உண்டு. மருந்துக் கடையில் ‘செட்டு’ என்று கேட்டால், சின்னக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். மஞ்சளில் ஒன்று, ரோஸில் ஒன்று, சின்னதாக வெள்ளையில் ஒன்று. சோற்றைத் தின்றுவிட்டு விழுங்கினால் மறுநாள் வேனில் ஏறலாம். கம்பெனிப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும், வேலை செய்வது அந்தச் சின்ன வெள்ளைதான்.

கடைக்குப் போனேன்.

“என்ன ஆத்தா, ஒரு செட்டா ரெண்டா?”

“வெள்ளை மட்டும் குடு. இருபது.”

“வெள்ளை மட்டுமா? யாருக்கு?”

“எனக்குத்தான். வேற யாரு இருக்கா எனக்கு?”

அம்மியில் வைத்துப் பொடித்தேன். லேகியம் ஆறுவதற்கு முன்னால் கலந்தேன். கருப்பட்டி இனிப்பில் கசப்பு தெரியவில்லை. விரலால் தொட்டு நக்கிப் பார்த்துத்தான் டப்பாவை மூடினேன்.

எப்படித் துணிந்தாய் என்று கேட்பீர்கள். என் மனம் அப்போது ஒரு கணக்குப் போட்டது. அவனுக்குத் தெரிந்து தின்றால்தானே அவன் மேல் தப்பு? தெரியாமல் தின்றால் அவனை யார் என்ன செய்ய முடியும்?

சிரிக்காதீர்கள். எங்கள் கம்பெனியில் அப்படித்தான் நடந்தது. சோதனை போட ஆபீசர் வருகிறார் என்றால் போர்மேன் ஓடிவந்து சொல்வார்: “யாரு என்ன கேட்டாலும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க தாயி.” மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்த்தீர்களா? எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா. ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தீர்கள்? எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் முப்பத்தெட்டு வருஷம் ஒளிந்திருந்தேன். ஒருநாளும் அது என்னைக் கைவிடவில்லை. தெரியாதவர்களை எந்தச் சட்டமும் தொடாது என்று நம்பிவிட்டேன்...

டப்பா போய்ச் சேர்ந்தது. பத்து நாளில் போன் வந்தது. “பெரியம்மா, உங்க கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும். முட்டி இருக்கதே தெரியல.”

அதற்கப்புறம் அவன் ஆடினதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் இடது ஓரமாகவே மைதானம் முழுக்க ஓடி, கோட்டுக்குப் பக்கத்திலிருந்து பந்தைத் திருப்பிக் கொடுத்தான். அவன் அணியில் இன்னொருத்தன் தலையால் முட்டி கோல் போட்டான். பேச்சி எழுந்து ஓடி வாசலில் ஒரு சரத்தைக் கொளுத்தினாள்.

“தீவாளி முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு, உங்க வீட்ல மட்டும் முடியலையாக்கும்?” என்றாள் எதிர்வீட்டுத் தங்கம்.

“எம்மகன் கோலுக்கு வழி விட்டிருக்கான்ல. நீயும் ரெண்டு கொளுத்து, என்ன கொறஞ்சா போச்சு?” என்றாள் பேச்சி.

அவர்கள் அணி புள்ளிப் பட்டியலில் மேலே ஏறியது. முதல் ஆறு இடத்துக்குள் வந்தால் அடுத்த சுற்று. வந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அந்த நேரத்தில்தான் சோதனை முடிவு வந்தது. அவன் மூத்திரத்தில் கூடாத மருந்து இருக்கிறது என்று சொல்லி அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டார்கள். “நான் எதையும் தின்னவில்லை, எங்கள் பெரியம்மா கிண்டிய சுக்கு லேகியம் மட்டும்தான்” என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். டப்பாவைக் கேட்டிருக்கிறார்கள். அது காலியாகி, கழுவி, அதில் அவன் ஊறுகாய் போட்டு வைத்திருந்தான்.

அணியின் டாக்டரம்மா எனக்குப் போன் செய்தார். தமிழ் தெரிந்தவர். தன்மையாகத்தான் பேசினார். எனக்குத்தான் வெளியாளிடம் பேசுவதென்றால் நாக்கு மடங்கிவிடும். பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வெளியே கேட்கும்படி போனை அமுக்கிப் பிடித்திருந்தாள்.

“அம்மா, பயப்படாம சொல்லுங்க. அந்த லேகியத்துல மாத்திரை ஏதாவது கலந்தீங்களா? நீங்க எழுதிக் கொடுத்தா அவருக்குத் தண்டனை குறையும். உங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”

பேச்சி என் முகத்தையே பார்த்தாள். ஒரு சொல் போதும். ஆமாம் என்கிற ஒரு சொல்.

“எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா,” என்றேன். “சுக்கும் கருப்பட்டியும்தான்.”

வாய் தானாகச் சொல்லிற்று என்று எழுதத் தோன்றுகிறது. இல்லை. நான்தான் சொன்னேன். தங்கை முன்னால் குற்றவாளியாக நிற்க எனக்குத் துணிவில்லை. அவ்வளவே.

“எங்க அக்கா பொய் சொல்ல மாட்டா,” என்று போனைத் தன் வாய்ப்பக்கம் இழுத்துப் பேச்சி சத்தம் போட்டாள். “அவ யாரு முகத்தையும் பாத்து பேசவே மாட்டா. அவளப் போயி கேள்வி கேக்கீக?”

இரண்டு வருஷம் விளையாடக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. இருபத்தெட்டு வயதுக்காரனுக்கு இரண்டு வருஷம் என்றால் என்ன என்று எனக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?

அந்தச் சீசனின் மிச்சத்தை நான் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தேன். எனக்கு அதுதான் தண்டனை என்று நானே வைத்துக்கொண்டேன். எத்தனை எரிச்சல் தெரியுமா... அவன் இடத்தில் ஒரு சின்னப் பையனை நிறுத்தினார்கள். கடைசி ஆட்டத்தில் சமன் செய்தாலே ஆறாம் இடம். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எதிர் அணிக்காரன் அந்த இடது பக்கமாகத்தான் நுழைந்தான். வாசல் திறந்து கிடந்த வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்தான். கோல். டி.வி.யில் பேசுகிறவர்கள் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். வீரபாண்டி பேரை ஒருத்தரும் சொல்லவில்லை. காரணம் இங்கே பாயில் உட்கார்ந்திருக்கிறது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. என்றைக்குக் கத்தியிருக்கிறேன் நான்?

அவன் ஊருக்கு வந்தான். பையைக்கூட இறக்காமல் முதலில் என்னிடம்தான் வந்தான்.

“என்னால உங்கள அந்த டாக்டரம்மா கேள்வி கேக்கும்படி ஆயிப்போச்சு. மனசுல வச்சுக்கிடாதீக பெரியம்மா.”

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் அதை வாங்கிக்கொண்டேன். “சரி விடுலே” என்றும் சொன்னேன்.

இப்போது ஏழாயிரம்பண்ணையிலிருந்து கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேனை ஓட்டுகிறான். ஊசி போட்டு ஆடியவன் என்று பஸ் ஸ்டாண்டில் யாராவது சொன்னால், காது கேட்காதவன்போலப் போய்விடுகிறான். எனக்கு அது பொறுக்கவில்லை. பதிலுக்கு ஒரு வார்த்தை ஏசக் கூடாதா? நாலு பேரை அடிக்கக் கூடாதா? அவனும் என்னைப்போல ஆகிவிட்டானே என்று ஆத்திரம் வருகிறது.

போன வாரம் சிவகாசிக் கண் ஆஸ்பத்திரிக்கு என்னை வேனில் கூட்டிப் போனான். வழியில் வண்டியை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்தான். மஞ்சள், ரோஸ், வெள்ளை.

“என்னலே இது?”

“கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சு முட்டி போச்சு பெரியம்மா. வேன்ல வார பொம்பளைகதான் சொன்னாக. இனி என்னைய யாரு சோதிக்கப் போறா?”

விழுங்கித் தண்ணீர் குடித்தான். வண்டியைக் கிளப்பினான். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னான்:

“இதத் தின்னா அப்படியே உங்க லேகியம் தின்னது கணக்கா இருக்கு.”

சொல்லிவிட்டு ரோட்டைத்தான் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியுமா... எத்தனை நாளாகத் தெரியும்... ஆஸ்பத்திரி வருகிறவரை நானும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவன் தண்டனையில் இன்னும் ஏழு மாதம் மிச்சம் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதினேன். இதைத் தபாலில் சேர்க்க எனக்குத் தெரியாது. உங்கள் பத்திரிகை விலாசத்தை எழுதி, உறையை ஒட்டி அவன் கையில்தான் கொடுக்கப் போகிறேன். அன்றைக்கு வந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் தின்றவன், இதையும் கேட்காமல் கொண்டுபோய்ப் போடுவான்.

அன்றைக்குப் பொடிக்கும்போது தெறித்து அம்மியிடுக்கில் கிடந்த இரண்டு வெள்ளை மாத்திரைகளை இந்தத் தாளுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அவன் மூத்திரத்தில் இருந்தது இதுதானா, ஒரு கிழவி இப்போது ஆமாம் என்று சொன்னால் அது செல்லுமா, நான் எழுதிய ஆட்டங்களின் வரிசை சரிதானா... விவரம் தெரிந்த யாராவது தயவுசெய்து சரிபாருங்கள்.