அரிசி நிறைஞ்சிருக்கு

எங்கள் வீட்டு அடுக்களையில் "இல்லை" என்ற சொல் காதில் விழக் கூடாது. அது அம்மா வைத்த சட்டம். அரிசி தீர்ந்துபோனால் "அரிசி நிறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். உப்பு, புளி, மஞ்சள்பொடி எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அப்பா வேலை பார்த்த ஹவுரா தொழிற்சாலையில் லாக்அவுட் ஆகிச் சம்பளம் நின்றுபோன வருஷங்களில் எங்கள் வீட்டில் தினமும் ஏதாவது ஒன்று நிறைந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

பிறகு எனக்கு மத்திய அரசு உத்தியோகம் கிடைத்தது. துறைமுகத்தில் வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அன்றைக்கு இரண்டு சம்பளம், இன்றைக்கு இரண்டு பென்ஷன். இருந்தும் என்ன? அந்த லாக்அவுட்டை விட்டு நான் வெளியே வரவே இல்லை. கரியாஹாட் சந்தையில் இரண்டு கையிலும் பை கனக்க, டாக்ஸி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன். தேய்ந்த சோப்புத் துண்டைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவேன். துர்கா பூஜைக்கு வந்த நல்ல புடவைகளெல்லாம் பீரோவிலேயே மடிப்பில் இற்றுப்போயின. இதைச் சிக்கனம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அடேயப்பா, லீவே இல்லாத உத்தியோகம் அது! ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆன பிறகும் அதிலிருந்து ரிட்டயர் ஆக முடியவில்லை. அலுத்துப்போய்விட்டது. ஆனால் நிறுத்தத் தெரியவில்லை.

போன வருஷம் இவருக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. "நன்றாக நடக்கட்டும், மாடிப்படி மட்டும் ஏற வேண்டாம்" என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார். எங்கள் வீடோ மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று தெரு கிளப்பைச் சேர்ந்தவர்கள் இவரைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து மேலே தூக்கி வந்தார்கள். நல்ல மனிதர்கள், வேர்த்து விறுவிறுத்து வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இவருக்குத்தான் அது தாங்கவில்லை. "உயிரோட இருக்கறச்சேயே நாலு பேர் தூக்கிண்டு வந்துட்டா" என்றார். அதற்குப் பிறகு கீழே இறங்கவே இல்லை.

சாயங்காலம் என்றால் இவருக்கு, டீயும் சிங்காரா என்று இங்கே சொல்கிற சமோசாவும் விற்கிற தெருமுனை டீக்கடை பெஞ்சுதான். கூட உட்காருகிறவர்கள் எல்லோரும் ரிட்டயர் ஆன வங்காளிகள். ஃபுட்பால், அரசியல், மழை, எதை எடுத்தாலும் வாக்குவாதம். ஜன்மத்தில் மீனைத் தொடாத இந்த மனிதர் ஹில்சா விலைக்காக அவர்களோடு சண்டை போடுவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பால்கனியில் நாற்காலி போட்டுக்கொண்டு அந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் முதலில் கீழேயிருந்து சத்தம்போட்டு விசாரித்தார்கள். இவரால் திரும்பச் சத்தம்போட முடியவில்லை. கொஞ்ச நாளில் கையை மட்டும் ஆட்டினார்கள். அப்புறம் மேலே பார்ப்பதே நின்றுபோயிற்று. வீட்டுக்குள் இவர் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிடுவார், எழுந்துபோய்விடுவார்.

எங்கள் பெண் ஒரு வங்காளியைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரின் மறுகோடியில், நியூ டவுனில் இருக்கிறாள். அவளுக்குத் தமிழைவிட வங்காளம்தான் சரளம். அப்பாவையே பாபா என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் போன் செய்தாள்.

"எங்க காம்ப்ளெக்ஸ்ல ஒரு ஃப்ளாட் வாடகைக்கு வந்திருக்கும்மா. லிஃப்ட் இருக்கு. பாபா டெய்லி கீழ போய் நடக்கலாம்."

"அதுக்கெல்லாம் பணம் எங்கடி இருக்கு?"

யோசித்துச் சொன்னதில்லை. தும்மல் மாதிரி அதுவாக வந்துவிடுகிறது.

"பேங்க்ல அவ்வளவு டெபாசிட் இருக்கே?"

"அது வயசான காலத்துக்கு."

"அது எப்போம்மா வரும்?"

"அதிகப்பிரசங்கி" என்று திட்டிவிட்டு போனை வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வந்தார்கள். பெண் முன்னால் வந்துவிட்டாள். மாப்பிள்ளை வரும் வழியில் கடையிலிருந்து போன் செய்தார். அவருக்குத் தமிழ் கற்றுக்கொள்ள ரொம்ப ஆசை, என்னிடம் பேசும்போது நாலு வார்த்தை தமிழில் பேசிவிட வேண்டும்.

"மா, அரிசி வேணும்?"

நான் ரசத்தைக் கவனித்துக்கொண்டே, "அரிசி நிறைஞ்சிருக்கு" என்றேன். "ஓகே மா" என்று வைத்துவிட்டார்.

வந்தார். கையில் தயிர் இருந்தது, ரசகுல்லா இருந்தது, அரிசி இல்லை. டப்பாவில் இருந்ததோ ஒருவருக்குக்கூடக் காணாது. சாம்பாரும் ரசமும் ஆறிக்கொண்டிருக்க, "அரிசி எங்கே?" என்று கேட்டேன். மனிதர் திகைத்துப்போய், "நீங்க சொன்னீங்க, நிறைஞ்சிருக்கு. ஃபுல்!" என்று கையை மேலே உயர்த்திக் காட்டினார். பெண் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள்தான் புருஷனுக்கு விளக்கிச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, சால் பாரொந்தோ!" என்றார். அவருடைய அம்மாவும் அரிசி தீர்ந்துபோனால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டாராம். அரிசி வளர்கிறது என்பாராம். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு அது தெரியாது.

பால்கனியில் உட்கார்ந்திருந்த இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டே பல மாதம் ஆகியிருந்தது.

"உங்க மாமியார் அப்படித்தான் மாப்பிள்ளை. இல்லாததை நிறைஞ்சிருக்கும்பா. நிறைஞ்சிருக்கறதை இல்லேம்பா" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அந்தச் சிரிப்போடேயே என் பக்கம் திரும்பி, "நான் இருக்கேனா, நிறைஞ்சுட்டேனா? அதைச் சொல்லு" என்றார்.

பெண் சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டாள். மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, அரிசி வாங்கி வருவதாகச் சொல்லிப் படியிறங்கிவிட்டார்.

எனக்கு முதலில் கோபம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. யாருக்காக ஐயா சேர்த்தேன்? நான் என்ன நகையாகச் செய்து பூட்டிக்கொண்டேனா? அப்புறம் அவர் கையைப் பார்த்தேன். ஊசி போட்ட இடமெல்லாம் கறுத்து, எலும்பாக இருந்தது. பயந்துபோனேன். டெபாசிட்டெல்லாம் முதிர்ந்து வரும்போது இந்த மனிதர் இருக்க வேண்டாமா?

சாப்பிட்டு அவர்கள் கிளம்பிப்போனதும், "நியூ டவுன் போயிடலாமா?" என்று கேட்டேன்.

"அங்க எனக்கு யாரைத் தெரியும்? நீ சொன்னா வரேன்."

"நான் சொல்றது இருக்கட்டும். உங்களுக்கு எங்க இருக்கணும்? சொல்லுங்கோ."

"கேட்டா குடுத்துடப்போறியா?"

"கேட்டுத்தான் பாருங்கோளேன்."

"இந்தத் தெருவிலயே" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அதே தெருவில், டீக்கடைக்கு எதிர்வரிசையில், லிஃப்ட் வைத்த கட்டடம் ஒன்று இருக்கிறது. வாடகை நியூ டவுனைவிட எத்தனையோ கூடுதல். பழைய வீட்டை வாடகைக்கு விட்டாலும் ஈடுகட்டாது. பேங்குக்குப் போய் டெபாசிட்டை உடைக்க வேண்டும் என்றேன். "இன்னும் கொஞ்ச நாளில் முதிர்ந்துவிடுமே மாஷிமா, வட்டி போய்விடும்" என்றாள் கவுன்டரில் இருந்த வங்காளிப் பெண், ரொம்ப அக்கறையாக. முன்பென்றால் அந்த ஒரு வார்த்தை போதும், நான் எழுந்து வந்திருப்பேன். அன்றைக்கும் பாதி எழுந்துவிட்டேன். "பரவாயில்லம்மா, உடைச்சுடு" என்று அவளுக்குப் புரியாத தமிழில் சொன்னேன். பிறகு வங்காளத்தில் சொன்னேன். கையெழுத்துக் கோணிக்கொண்டு போய், இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.

மனசு மாறிவிட்டது, கவலை விட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மாதம் பிறந்து வாடகை போகும்போது இப்போதும் பாஸ்புக்கை எடுத்து இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறேன். சோப்புத் துண்டைத் தூக்கிப் போட இன்னமும் கை வரவில்லை. கூட்டிப் பார்த்துவிட்டும் கொடுத்துவிடுகிறேன், அதுதான் வித்தியாசம். அதற்கே எனக்குப் பாதி உயிர் போகிறது.

குடிபோன அன்று சாயங்காலம் இவர் சட்டையை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, லிஃப்ட்டில் தனியாகக் கீழே போனார். நான் ஜன்னலோரம் நின்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் இவரைக் கட்டிக்கொண்டார். அதற்குமேல் பார்க்காமல் சாமான்களை அடுக்கப் போய்விட்டேன்.

விளக்கு வைத்த பிறகு திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"இன்னிக்கு எல்லாரும் என்னைக் காசு குடுக்க விடலை" என்றார். "நாளைக்கு டீ என்னோடதுன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எழுபது வயசு மனிதர், வேலை பார்த்துச் சம்பாதித்தவர், சிநேகிதர்களுக்கு டீ வாங்கித் தருவதற்கு என் முகத்தைப் பார்க்கிறார். எத்தனை வருஷமாக இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாரோ, எனக்குத் தெரியாது.

"வெறும் டீயா குடுப்பா?" என்றேன். "சூடா சிங்காராவும் வாங்கிக் குடுங்கோ."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

நம்பாமல் இன்னும் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.