உயரம் முதலில், வேகம் பிறகு

என் மகளின் கைக்கும் இயந்திரக் கைக்கும் நடுவே அன்று ஒரு விரல் அகலம்தான் இருந்தது.

சிம்பாங் அம்பாட் ஊரில் நான் இருபது வருடமாக மென்பொருள் எழுதும் தொழிற்சாலைக்குத்தான் அவளும் பயிற்சிக்கு வந்திருந்தாள். சர்க்யூட் பலகைகளை எடுத்து வைக்கும் பழைய மாடல் இயந்திரம் ஒன்றுக்குப் புதிய நிரல் எழுதினாள். நாற்பது மில்லிமீட்டர் உயரத்தில் நிதானமாக நிற்க வேண்டிய கை, சரேலென்று இறங்கி அவள் கைக்குப் பக்கத்தில் தட்டில் மோதியது.

"உங்க மக நம்பர மாத்திப் போட்டிருக்காண்ணே," என்றார் சூப்பர்வைசர். "வெள்ளிக்கிழம மீட்டிங். பயிற்சிய நிப்பாட்டிருவாங்க போல."

நிறுத்தினால் அவள் பட்டம் வாங்க இன்னும் ஒரு வருடம் ஆகும். அவள் எழுதிய வரியைப் பார்த்தேன். நாற்பது, பதினைந்து. உயரம் முதலில், வேகம் பிறகு. எங்கள் பிரிவில் அதுதான் வழக்கம்; புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே அதைச் சொல்வது நான்தான். அவள் வரியில் தவறில்லை. ஆனால் அவள் கூப்பிடும் ஃபங்ஷன், அதாவது குறுநிரல், இன்னொன்றைக் கூப்பிடும், அது வேறொன்றை. கடைசியில் எது ஓடும் என்பது இயந்திரத்தின் மாடலைப் பொறுத்தது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து படிக்கத் தொடங்கினேன்.

மறுநாள் காலை, பாலத்தில் கார் நகராமல் நின்றபோது அவளிடம் அதைச் சொன்னேன். மோதலுக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தாள்.

"ஒவ்வொண்ணா படிச்சா தீபாவளி வந்துரும் லா. டேக் டூல் ஓட்டுங்கப்பா."

"அது எடிட்டர்ல ஃபங்ஷன் எழுதின இடத்துக்குத் தாவிப் போறதுக்குத்தானே?"

"எது எத முதல்ல வாங்குதுங்கிற சிக்னேச்சரையும் எடுத்துக் குடுக்கும். இத்தன வருசமா தாவிக்கிட்டு மட்டுமா இருந்தீங்க?"

அலுவலகம் போனதும் ஓட்டினேன். அந்தக் கருவி நிரல் முழுவதையும் படித்து, ஒவ்வொரு ஃபங்ஷனின் பெயர், கோப்பு, வரி எண், அது எந்த மதிப்புகளை எந்த வரிசையில் வாங்கிக்கொள்கிறது என்பதையெல்லாம் ஒன்றுக்கு ஒரு வரியாக எழுதித் தந்தது. கண்ணிமைக்கும் நேரம்தான்! உயரமும் வேகமும் வாங்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்தேன். நாற்பத்தேழு. விரலால் திரையைத் தொட்டுக்கொண்டே இறங்கினேன். உயரம், வேகம். உயரம், வேகம். உயரம், வேகம்.

வேகம், உயரம்.

"கிடைச்சிருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசர் கையிலிருந்த தே தாரிக் டீ சட்டையில் கொட்டியது. கை நாற்பதில் நிற்கவில்லை. நாற்பது வேகத்தில் பதினைந்துக்கு இறங்கியிருக்கிறது! இரண்டும் முழு எண்கள் என்பதால் பிழை சொல்ல வேண்டிய கம்பைலரும் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் இருவரும் பிள்ளைகள் மாதிரி மேசையைத் தட்டினோம்.

"யாருண்ணே எழுதினது?"

கோப்பும் வரி எண்ணும் பட்டியலிலேயே இருந்தன. திறந்தேன். மேலே குறிப்பில் என் பெயரின் முதலெழுத்துகள். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அந்தப் பழைய மாடலுக்காக எழுதியது. அப்போது அந்த வழக்கமே வந்திருக்கவில்லை. என் மகளின் கைமேல் இறங்கப் பார்த்தது என்னுடைய வரி.

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "பழைய ஃபைல்னு மட்டும் சொல்லிருங்கண்ணே. யாரு தோண்டப் போறா?"

வெள்ளிக்கிழமை அந்தப் பட்டியலைப் பெரிய திரையில் போட்டேன். அந்த ஒரு வரியைக் காட்டி, "இத எழுதினது நான்" என்றேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அவளுடைய பயிற்சி நிற்கவில்லை.

வரிசையைத் திருத்தியதும் இயந்திரத்தை அவளே ஓட்டிப் பார்த்தாள்.

"தள்ளி நில்லும்மா."

"தள்ளித்தான்பா நிக்கிறேன்."

"இன்னும் தள்ளி."

"இதுக்கு மேல தள்ளினா பாகான் டாலாம் ஊருக்கே போய்த்தான் நிக்கணும் லா!"

கை மெல்ல இறங்கி நாற்பதில் நின்றது. அவள் கைதட்டினாள். நான் அவளுடைய பத்து விரல்களையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.