சந்தனப் பொட்டு வெச்ச ஸ்னோபோர்டு

கோயமுத்தூர்ல ஸ்னோபோர்டு விக்கறவன் வாயை மூடிக்கிட்டு நிக்கப் பழகியிருக்கோணுமுங்க. ரெயின்கோட்டும் ஸ்வெட்டரும் வித்துக்கிட்டிருந்த கடை இது. வால்பாறைக்கும் ஊட்டிக்கும் போறவங்க வருவாங்க, வாங்குவாங்க, போவாங்க. இப்ப ஊர்ல பாதிப்பேர் மணாலி, குல்மார்க்னு கிளம்பிட்டதால நானும் பனிச்சாமான் இறக்கிப்போட்டேன். எதிர்ல நிக்கறவர் சொல்றது தப்புன்னு தெரிஞ்சும் "சரிங்க சரிங்க"ன்னு தலையாட்டற பொழப்புல இருக்கறவங்க எல்லாரும் நம்ம ஆளுங்க. உங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன்.

வீலு

போர்டு வந்து இறங்கின வாரம் ஒருத்தர் உள்ள வந்தாரு. ஆளுயரப் பலகையைத் தட்டினாரு, முகர்ந்துகூடப் பார்த்தாரு. இது பனிமேல சறுக்கறதுங்க, ரெண்டு காலையும் இதுமேல பூட்டிக்கோணும்னு விளக்கினேன். பூட்டின காலோட எப்படி நடக்கறதுன்னாரு. நடக்க வேண்டாமுங்க, சறுக்கினாப் போதும்னேன். பத்து நிமிஷம் யோசிச்சாரு. வித்துருச்சுன்னே நெனச்சுட்டேன். கடைசியாக் குனிஞ்சு அடியில பார்த்துட்டுக் கேட்டாரு:

"வீலு தனியா வாங்கோணுங்களா பாய்?"

வளர்ற காலு

அடுத்து வந்தது இரும்பு வார்க்கற பவுண்டரி வெச்சிருக்கற சென்னியப்பன் அண்ணன், அவர் சம்சாரம் சரோஜாக்கா, இருபத்திமூணு வயசு மக யாழினி. பொண்ணு போன வருஷம் குல்மார்க்ல வாடகைப் போர்டுல பழகிட்டு, கடைசி நாள் டெஸ்ட்ல ஃபெயிலாயிட்டா. இந்த சீசன்ல மறுபடி போறா. பாசானா அடுத்த வருஷம் அங்கயே புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக்குடுக்கற வேலை. ஃபெயிலானா பனியை மறந்துட்டு பவுண்டரி ஆபீஸ்ல உக்காரோணும். இது அண்ணன் போட்ட கண்டிசன். ஆபீஸ் நாற்காலிக்குப் புதுக் குஷனே தைச்சு வெச்சுட்டாராம்!

ஸ்னோபோர்டு பூட்ஸ்ல விரல் நுனி முன்னாடி லேசாத் தொடோணும், குதிகால் மேல எழும்பக்கூடாது. எழும்பினா பலகை சொன்ன பேச்சுக் கேக்காது. யாழினி சரியான சைஸைப் போட்டுக்கிட்டு எந்திரிச்சா. சரோஜாக்கா குனிஞ்சு, ஸ்கூல் ஷூ வாங்கறப்ப அமுக்கற மாதிரி கட்டைவிரலால ஒரு அமுக்கு அமுக்கினாங்க. ரெண்டு சைஸ் பெருசு வேணுமாம். அரைமணி நேரம் சண்டை. "அம்மா, எனக்கு இருபத்திமூணு வயசாச்சு!"ன்னு பொண்ணு கத்தினதுக்கு, அக்கா என்னையப் பார்த்துச் சொன்னாங்க:

"காலு இனி வளராதுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா பாய்?"

டிஃபெக்ட் பீஸ்

அண்ணன் சட்டைப்பையில வெர்னியர் காலிப்பர் இல்லாம ஊட்டை உட்டுக் கிளம்ப மாட்டாரு. பலகையோட தடிமனை ஆறு இடத்துல அளந்தாரு. அப்புறம் தரையில வெச்சு, தலையைச் சாய்ச்சு ஒரு கண்ணால பார்த்தாரு. நடுவுல தூக்கிக்கிட்டு நிக்குது, ரெண்டு முனையும் மேல வளைஞ்சிருக்குது. அப்படித்தானுங்க செய்யறாங்க, ஆள் ஏறி நின்னா நடுவு படிஞ்சுரும்னு சொல்லிப் பார்த்தேன். மனுசன் தலையைக்கூட நிமித்தலை.

பொண்ணு அந்தப்பக்கம் இன்னும் அம்மாவோட பூட்ஸ் சண்டையில இருந்தா. அண்ணன் பலகை ஓரத்துல ஓடற இரும்புப் பட்டையில விரலை ஓட்டிப் பார்த்து, "இது எதுக்குங்க இவ்வளவு கூரு?"ன்னாரு. கெட்டிப்பட்ட பனியை அந்தக் கூர்தான் பிடிக்கும், அதுதான் பிரேக்கு. அதைச் சொல்லியிருக்கோணும். ஏற்கெனவே பயந்து கிடக்கறவர்கிட்ட அதைப் பேசினா யாவாரம் கெட்டுருமேன்னு, "அது அப்படித்தானுங்க வரும்"னு மழுப்பிட்டேன். புத்தி கெட்டவன் நான். அவரும் அரைமனசாப் பலகைக்குக் காசைக் குடுத்துட்டுச் சொன்னாரு:

"நம்ம பவுண்டரில இப்படியொண்ணு வந்தா ஸ்கிராப்புல வீசிப்போடுவோமுங்க."

ஆயுத பூஜை

பூஜைக்கு அண்ணன் என்னையும் பவுண்டரிக்குக் கூப்பிட்டிருந்தாரு. லேத்து, டிரில்லிங் மெஷின், லாரி எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். நடுவுல மாலை போட்டுக்கிட்டு நம்ம ஸ்னோபோர்டு! சரோஜாக்கா அதுக்கு மூணு பொட்டு வெச்சிருந்தாங்க. பொரியைக் கையில வாங்கிக்கிட்டுக் கிட்டப் போனேன். ஓரம் பளபளன்னு மின்னுது. தொட்டுப் பார்த்தேன். அடப்பாவி மனுசா! ரெண்டு பக்கமும் கூரை மழுக்கி, மாடிப்படிக் கைப்பிடி கணக்கா வழவழன்னு பண்ணிப்போட்டாரு.

இதைப் பூட்டிக்கிட்டு ஐஸ் சரிவுல இறங்கினா அந்தப் புள்ளை எப்படி நிக்கும்? டெஸ்ட்டை உடுங்க, கையும் காலும் முழுசாத் திரும்பி வரோணுமே! நான் முழிக்கறதைப் பாராட்டுன்னு நெனச்சுக்கிட்டு அண்ணன் தோள்ல தட்டினாரு:

"ரெண்டு நாள் நானே கிரைண்டர்ல உக்காந்தேன் பாய், இனி எம்புள்ளை கையை அறுக்காது!"

அதே மூணு பொட்டு

மறுநாளே யாழினிக்குப் போன் பண்ணி, நான் மழுப்பினது உட்பட எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டேன். பூஜையில வெச்ச பலகையை அவ தொட்டுக்கூடப் பார்க்கலையாம், தூக்கிக்கிட்டு ஓடி வந்தா. அப்பாகிட்டச் சொல்லிரலாம் கண்ணுன்னேன். பிரேக்குக்கு அவ்வளவு கூர் வேணும்னு தெரிஞ்சா டிக்கெட்டையே கிழிச்சுருவாருங்கன்னு சொல்றப்பவே புள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சு. எனக்கு மனசு கேக்கலை. ஷோகேஸ்ல நின்ன அதே மாடலை எடுத்துக் குடுத்துட்டு, தேச்சதைக் குடோன்ல ஒளிச்சு வெச்சேன்.

ஒளிக்கறதுக்கு முன்னாடி அவ ஒரு காரியம் பண்ணினா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஹேண்ட்பேக்ல இருந்து சந்தனமும் குங்குமமும் எடுத்து, அதே இடத்துல மூணு பொட்டு வெச்சா. நடுப்பொட்டைக் கொஞ்சம் கலைச்சும் உட்டா, பழசாட்டத் தெரியோணுமாம். ஓரத்துக்கு டேப் ஒட்டி, உறையில போட்டு ஜிப்பை இழுத்துட்டுச் சொன்னா:

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா இதையும் தேச்சுப்போடுவாருங்க பாய், வாயத் தொறந்துராதீங்க."

ரிசல்ட்டு

குல்மார்க்ல டெஸ்ட் நடந்த அன்னைக்குக் கடையைத் தொறந்ததுல இருந்து போனையே பார்த்துக்கிட்டிருந்தேன். சாயங்காலம் யாழினி போன் பண்ணினா. பாஸ்! கல்லாவுல உக்காந்துக்கிட்டே அழுதுட்டேன், குடை வாங்க வந்தவர் பயந்துட்டாரு.

அடுத்த நாள் அண்ணன் மைசூர்பா டப்பாவோட வந்தாரு. பூட்ஸ் போட்டுப் பார்த்துக்கிட்டிருந்த நாலு பேருக்கும் குடுத்தாரு. போன வருஷம் வாடகைப் போர்டு கூரா இருந்ததாலதான் பொண்ணு ஃபெயில்னும், இந்த வருஷம் தன்னோட கைவேலையாலதான் பாஸ்னும் விளக்கினாரு. அவங்களும் ஆகா ஓகோன்னு கேட்டுக்கிட்டாங்க. நான் உண்மையைச் சொன்னா புள்ளையோட வேலை போயிரும். ரெண்டு துண்டு மைசூர்பாவை ஒண்ணா வாயில அடைச்சுக்கிட்டு நின்னேன். அண்ணன் சுவத்துல மாட்டியிருந்த பலகைங்களைக் காட்டிச் சொன்னாரு:

"இனி விக்கறதையெல்லாம் முதல்ல நம்ம பவுண்டரிக்கு அனுப்பி உடுங்க பாய், ஓசியிலயே தேச்சுக் குடுக்கறேன்!"

ஆக, பனியைக் கண்ணால பார்க்காத நான் வித்த பலகையை, பனியைக் கண்ணால பார்க்காத அண்ணன் திருத்திக் குடுத்ததுல, எங்க மூணு பேருல பனியில நிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளுக்குப் பொய் சொல்லாமப் பாஸாக வழியில்லாமப் போச்சுங்க.